ஒரு குழாயும் கொஞ்சம் 2டி ஆயிலும்: பைக் கார்புரேட்டர்களைச் சமன் செய்யும் கருவியை வீட்டிலேயே செய்வது எப்படி?

ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோர், சுசுகி ஜிஎஸ்500, கார்புரேட்டர் காலத்து கவாசாகி நிஞ்ஜா 250 போன்ற வண்டிகளில் ஒவ்வொரு சிலிண்டருக்கும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் தனித்தனி கார்புரேட்டர். சிபி400-ல் நான்கு, மற்ற இரண்டிலும் இரண்டிரண்டு. எல்லா கார்புரேட்டரும் ஒரே அளவு திறந்தால்தான் எல்லாச் சிலிண்டரும் ஒரே அளவு வேலை செய்யும். ஒன்று கொஞ்சம் முந்தினால் மற்றதை அது இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் என்ஜின் ஓடும் நிலையில்) வண்டி நடுங்கும், ஆர்பிஎம் நிலையாக நிற்காது, ஹேண்டில்பாரைப் பிடித்த கை கொஞ்ச தூரத்திலேயே மரத்துப்போகும். டேப்பட் (என்ஜின் வால்வு இடைவெளி) பார்த்தாயிற்று, பிளக் மாற்றியாயிற்று, கார்ப் சுத்தம் செய்தாயிற்று, ஆனாலும் இந்த நடுக்கம் போகவில்லை என்றால் கார்ப் பேலன்ஸ்தான் மிச்சம்.

இதற்குக் கடையில் நான்கு டயல் கொண்ட வேக்யூம் கேஜ் செட் கிடைக்கும். நல்லதாக வாங்கினால் விலை கூடுதல். மலிவானதை வாங்கினால் டயல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அதைவிட நம்பகமான கருவியை வீட்டிலேயே செய்துவிடலாம், செலவும் மிகக் குறைவு. எப்படிச் செய்வது, எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்போம்.

குழாய் ஏன் போதும்?

ஐடிலிங்கில் கார்புரேட்டரின் பட்டர்ஃப்ளை வால்வு (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) மயிரிழை அளவுதான் திறந்திருக்கும். பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்த இடுக்கு வழியாகக் காற்றை இழுக்கிறது. போதுமான காற்று வராததால் கார்புக்கும் என்ஜினுக்கும் நடுவே வேக்யூம் (வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம்) உருவாகிறது. இடுக்கு சின்னதாக இருந்தால் வேக்யூம் அதிகம், பெரிதாக இருந்தால் குறைவு. மயிரிழையில் பாதி மாறினாலும் காற்றின் அளவு கணிசமாக மாறிவிடும். அதனால்தான் கார்புகளின் வித்தியாசம் ஐடிலிங்கில் இவ்வளவு அப்பட்டமாகத் தெரிகிறது, வேகம் கூடக்கூட மங்கிவிடுகிறது.

இங்கே நமக்கு வேக்யூம் எவ்வளவு என்ற எண் தேவையே இல்லை. இரண்டு பக்கமும் சமமா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி. கொத்தனார் இரண்டு சுவரின் மட்டத்தைப் பார்க்க ஒரு குழாயில் தண்ணீர் நிரப்பிப் பிடிப்பார் அல்லவா, நம் கருவியும் அதேதான். யு வடிவில் ஒரு குழாய், உள்ளே பாதிக்கு எண்ணெய். ஒரு முனை ஒரு கார்புக்கு, மறுமுனை அடுத்த கார்புக்கு. எந்தப் பக்கம் வேக்யூம் அதிகமோ அந்தப் பக்கம் எண்ணெய் ஏறும். சமமானால் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கும். இரண்டு டயல்களில் எது பொய் சொல்கிறது என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. இருப்பது ஒரே எண்ணெய், அது தன்னோடு தானே ஒப்பிட்டுக்கொள்கிறது.

இது எவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாதரசத்தில் 1 செ.மீ. காட்டும் வித்தியாசம் எண்ணெயில் சுமார் 15 செ.மீ. ஆகத் தெரியும். கவாசாகி சர்வீஸ் மேனுவல்கள் பொதுவாக அனுமதிக்கும் வித்தியாசம் பாதரசத்தில் 2 செ.மீ. நம் கருவியில் அது 30 செ.மீ.க்கு மேல்! அதை 2 செ.மீ.க்குள் கொண்டுவருவது பொறுமை உள்ள யாருக்கும் முடியும்.

பழைய மெக்கானிக்குகள் சிலரிடம் பாதரசம் நிரப்பிய கருவி இருக்கும். அதைத் தொடாதீர்கள். பாதரச ஆவி நஞ்சு. தவறி என்ஜினுக்குள் போனால் சைலன்சர் வழியாக உங்கள் மூச்சுக்கே வரும். தண்ணீரும் வேண்டாம், உள்ளே போனால் துருதான் மிஞ்சும். 2டி ஆயில், அதாவது டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோலோடு கலக்கும் ஆயில், எரிவதற்கென்றே செய்யப்பட்டது. சில துளிகள் உள்ளே போனாலும் கொஞ்சம் புகை வருவதோடு சரி. நிறமும் கலந்திருப்பதால் குழாயில் பளிச்சென்று தெரியும்.

என்னென்ன வேண்டும்

மீன்தொட்டி சாமான் விற்கும் கடைக்குப் போனால் பாதி வேலை முடிந்தது. காற்று பம்புக்குப் போடும் 4 மி.மீ. உள்விட்டம் கொண்ட தெளிவான பிவிசி குழாய் 6 மீட்டர், காற்றைக் கூட்டிக் குறைக்கும் சின்ன வால்வு இரண்டு, குழாயோடு குழாய் இணைக்கும் நேர் இணைப்பு நான்கு, டி வடிவ இணைப்பு ஒன்று. சிலிக்கான் குழாய் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது தொய்யும், மடங்கும்.

இவை தவிர, 4 அடி நீளமும் அரை அடி அகலமும் உள்ள மரப்பலகை, எலக்ட்ரிக் வயருக்கு அடிக்கும் ஆணி வைத்த கிளிப்புகள், தையல் டேப், உலோக மூடி போட்ட சின்னக் கண்ணாடி பாட்டில் இரண்டு, எம்-சீல், மெடிக்கல் ஷாப்பில் 20 மி.லி. சிரிஞ்ச் ஒன்று, 2டி ஆயில் ஒரு சின்ன பாக்கெட்.

கண்ணாடி பாட்டில் எதற்கு? இதைச் சிலர் விட்டுவிடுகிறார்கள். என் கருத்தில் இது இல்லாமல் இந்தக் கருவியை வண்டியில் மாட்டவே கூடாது. 4 மி.மீ. குழாயில் 120 செ.மீ. நீளத்துக்கு எண்ணெய் நின்றால் அது சுமார் 15 மி.லி. சிபி400-ன் ஒரு சிலிண்டர் 100 சிசி. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் ஏறத்தாழ 10 சிசி மட்டுமே. ஓடும்போது ஒரு பக்கக் குழாய் கழன்றுவிட்டால் மறுபக்கம் மொத்த எண்ணெயையும் உறிஞ்சிவிடும். எண்ணெய் அமுங்காது. பிஸ்டன் அதில் போய் முட்டினால் கனெக்டிங் ராடு வளையும். நடுவில் பாட்டில் இருந்தால் எண்ணெய் அதற்குள் விழுந்து அங்கேயே நின்றுவிடும். பிளாஸ்டிக் பாட்டில் போடாதீர்கள், வேக்யூமில் ஒடுங்கிவிடும்.

செய்முறை

முதலில் பலகை. தையல் டேப்பை நடுவில் மேலிருந்து கீழாக ஒட்டுங்கள். குழாயில் 3 மீட்டர் வெட்டி, அதன் நடுப்பகுதியைப் பலகையின் அடியில் வளைத்து, இரண்டு கால்களும் டேப்பின் இருபுறமும் நேராக ஏறும்படி கிளிப் அடியுங்கள். அடி வளைவு ஒரு டீ கிளாஸின் வாய் அகலத்துக்காவது இருக்கட்டும். ரொம்ப நெருக்கினால் குழாய் மடிந்துவிடும். கிளிப்பை இறுக்கி அடித்து நசுக்கிவிடவும் கூடாது. குழாய் சுருண்டே வந்திருந்தால் கொஞ்ச நேரம் வெந்நீரில் போட்டு எடுத்தால் நிமிரும்.

அடுத்து பாட்டில்கள். ஒவ்வொரு மூடியிலும் இரண்டு துளை போட்டு, துளைக்கு ஒன்றாக நேர் இணைப்பைச் செருகி, சுற்றிலும் எம்-சீல் வைத்து அழுத்துங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். பலகையின் மேல்முனையில் இரண்டு பாட்டிலையும் நிமிர்த்திக் கட்டிவிட்டு, யு குழாயின் ஒவ்வொரு முனையையும் ஒவ்வொரு பாட்டிலில் மாட்டுங்கள். பாட்டிலின் இன்னொரு இணைப்பிலிருந்து ஒன்றரை மீட்டர் குழாய் என்ஜினுக்குப் போகும். அந்தக் குழாயின் நடுவில் மீன்தொட்டி வால்வை வையுங்கள். இரண்டு பக்கமும் குழாய் நீளம் ஒன்றாக இருக்கட்டும்.

இந்த வால்வு இல்லாவிட்டால் எதையும் படிக்கவே முடியாது. பிஸ்டன் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் வேக்யூம் குதிக்கும், எண்ணெயும் கூடவே குதிக்கும். வால்வை ஏறக்குறைய மூடிவைத்தால் அந்தக் குதிப்பு அடங்கி, சராசரி மட்டும் வந்து சேரும். மிச்சத்தைப் பாட்டிலில் உள்ள காற்று தாங்கிக்கொள்ளும்.

இப்போது எண்ணெய். பாட்டில் பக்கத்து முனையைக் கழற்றி சிரிஞ்சால் மெதுவாக ஊற்றுங்கள். இரண்டு காலிலும் பலகையின் பாதி உயரம் வரை வந்தால் போதும். குமிழி இருந்தால் பலகையைத் தட்டி, இரவு முழுக்க நிறுத்தி வையுங்கள், தானே மேலே வந்துவிடும்.

வண்டியில் மாட்டும் முன் மூன்று சோதனை

இரண்டு முனையும் திறந்திருக்கும்போது எண்ணெய் ஒரே மட்டத்தில் நிற்கிறதா? நிற்காவிட்டால் உள்ளே குமிழி இருக்கிறது.

ஒரு முனையில் சிரிஞ்சை வைத்து மெதுவாக இழுத்து, எண்ணெய் 30 செ.மீ. ஏறியதும் அப்படியே பிடியுங்கள். ஒரு நிமிடம் ஆகியும் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் எம்-சீலிலோ இணைப்பிலோ காற்று கசிகிறது. இதை அலட்சியப்படுத்தினால் கருவி பொய் சொல்லும், நீங்கள் நன்றாக இருக்கும் கார்பைக் கெடுப்பீர்கள். அடுத்த பக்கத்தையும் இப்படியே பாருங்கள்.

மூன்றாவது சோதனை என்ஜின் ஓடும்போது. டி இணைப்பு போட்டு, இரண்டு குழாயையும் ஒரே கார்பின் துளையில் மாட்டுங்கள். இரண்டும் ஒரே வேக்யூமைத்தான் பார்க்கின்றன, எண்ணெய் அசையாமல் சமமாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஏறினால் இரண்டு வால்வின் திறப்பும் ஒன்றாக இல்லை. சமமாகும் வரை வால்வைத் திருப்பி, அதன்பின் அதைத் தொடாதீர்கள்.

வண்டியைத் தயார் செய்தல்

கார்ப் பேலன்ஸ் கடைசி வேலை. டேப்பட் இடைவெளி சரியாக இருக்க வேண்டும், ஏர் ஃபில்டர் சுத்தமாக இருக்க வேண்டும், கார்புக்கும் என்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பரில் வெடிப்பு இருக்கக் கூடாது. ரப்பரைச் சுற்றி, என்ஜின் ஓடும்போது ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் பீய்ச்சிப் பாருங்கள். சத்தம் மாறினால் அங்கே ஏர் பிடிக்கிறது. கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயால் இதைச் செய்பவர்களும் உண்டு. சூடான என்ஜின் மேல் தீப்பிடிக்கும் பொருளை அடிக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கார்புகளைக் கழற்றிச் சுத்தம் செய்திருந்தால், மாட்டும் முன் கண்ணால் ஒரு முறை சமன் செய்துவிடுங்கள். பட்டர்ஃப்ளையின் ஓரத்துக்கு அருகே சுவரில் ஊசி முனை அளவில் சின்னத் துளைகள் தெரியும். எல்லா கார்பிலும் பட்டர்ஃப்ளையின் ஓரம் அந்தத் துளையை ஒரே அளவு தொடுகிறதா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் மாட்டினால் வித்தியாசம் நம் பலகையின் அளவைத் தாண்டிவிடும், எண்ணெய் நேராகப் பாட்டிலுக்குப் போய்விடும்.

வேக்யூம் எடுக்கும் துளை கார்புக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும். சில வண்டிகளில் ரப்பர் மூடி போட்ட சின்னக் குழல், சிலவற்றில் ஒரு திருகு. பெரும்பாலும் 5 அல்லது 6 மி.மீ. திருகு. திருகாக இருந்தால் அதைக் கழற்றி லேத் பட்டறைக்கு எடுத்துப்போய், அதே மரை உள்ள போல்ட்டின் நடுவில் நீளவாக்கில் ஒன்றரை மி.மீ. துளை போட்டு, தலைப்பக்கத்தைக் குழாய் மாட்டும்படி கடைந்து தரச் சொல்லுங்கள். மரை ஒத்துப்போகாத போல்ட்டை வலுவில் திருகினால் அலுமினியம் பிய்ந்துவிடும்.

பெட்ரோல் டேங்கை எடுத்தால்தான் பல வண்டிகளில் கை உள்ளே போகும். நீளமான பெட்ரோல் குழாய் போட்டு, டேங்கை கார்புகளைவிட உயரமான ஸ்டூலில் பக்கத்தில் வையுங்கள். வேக்யூமில் திறக்கும் பெட்ரோல் காக் இருந்தால் பிரைம் நிலைக்கு (வேக்யூம் இல்லாமலே பெட்ரோல் வரும் நிலை) திருப்புங்கள். அந்த நிலை இல்லாவிட்டால் காக்கின் வேக்யூம் குழாயை சிரிஞ்சால் இழுத்து அடைத்துவிடலாம். கார்ப் பக்கம் அந்தக் குழாய் வந்த இடமே பெரும்பாலும் நமக்கு வேண்டிய வேக்யூம் துளை.

வேலை திறந்தவெளியில் நடக்கட்டும். மூடிய ஷெட்டில் என்ஜின் புகை ஆளைக் கொல்லும். ஒரு வாளி மணல் அல்லது தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வண்டி நின்றபடி ஓடும்போது காற்று படாது, அதனால் முன்னால் ஒரு டேபிள் ஃபேன் வையுங்கள். ஜிஎஸ்500 போன்ற ஏர் கூலிங் வண்டியாக இருந்தால் சில நிமிடத்துக்கு ஒரு முறை அணைத்து ஆறவிடுங்கள்.

எந்தத் திருகைத் திருப்புவது?

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். கார்பில் மூன்று விதத் திருகுகள் உண்டு. பெரிய பிளாஸ்டிக் தலை வைத்தது ஐடிலிங் திருகு, எல்லா கார்பையும் ஒன்றாகத் தூக்கும். ஒவ்வொரு கார்பின் உடம்பிலும் குழிக்குள் இருப்பது மிக்ஸர் திருகு, பெட்ரோல்–காற்று கலவைக்கானது. நமக்கு வேண்டியது இரண்டு கார்புக்கு நடுவில், பட்டர்ஃப்ளைகளை இணைக்கும் தகட்டில், ஸ்பிரிங்கோடு உட்கார்ந்திருப்பது. என்ஜினை அணைத்துவிட்டு ஆக்ஸிலரேட்டரைத் திருகிப் பாருங்கள். தகட்டோடு சேர்ந்து அசையும் அந்தத் திருகுதான். மிக்ஸர் திருகில் கை வைத்துவிட்டால் நடுக்கம் வேறு வடிவத்தில் வரும், எது எதனால் என்று பிறகு பிரித்தறிய முடியாது.

சமன் செய்தல்

வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, குழாய்களை மாட்டி, ஸ்டார்ட் செய்து மேனுவல் சொல்லும் ஐடிலிங்கில் வையுங்கள். எண்ணெய் ஒரு பக்கம் மெதுவாக ஏற ஆரம்பிக்கும். 2டி ஆயில் கெட்டியானது, நிலைக்கப் பத்துப் பதினைந்து நொடி ஆகும். அவசரப்படாதீர்கள். எண்ணெய் பாட்டிலை எட்டப்போகிறது என்று தெரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

எண்ணெய் ஏறிய பக்கத்து கார்ப் அதிகம் மூடியிருக்கிறது, அதைக் கொஞ்சம் திறக்க வேண்டும். நீளமான திருப்புளியால் திருகை ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் திருப்பாதீர்கள். எந்தப் பக்கம் திருப்பினால் எது திறக்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். முதல் திருப்பிலேயே பலகை சொல்லிவிடும்.

திருப்புளியைத் திருகின் மேல் அழுத்திக்கொண்டே பலகையைப் பார்த்தால் தப்பான அளவுதான் தெரியும். கை அழுத்தத்தில் தகடு கொஞ்சம் வளைகிறது, அதற்கே எண்ணெய் பல செ.மீ. நகரும். திருப்பியதும் திருப்புளியை முழுக்க எடுத்துவிடுங்கள். ஆக்ஸிலரேட்டரை மெல்ல ஒரு முறை முறுக்கி விடுங்கள், தகடு தன் இடத்தில் உட்காரட்டும். அப்புறம் காத்திருந்து பாருங்கள். திருகுக்கு லாக் நட் இருந்தால் அதை இறுக்கும்போதும் அளவு நகரும். எவ்வளவு நகர்கிறது என்று ஒரு முறை கவனித்து, அந்த அளவு எதிர்ப்பக்கம் தள்ளி வைத்து இறுக்குங்கள்.

சமமாக ஆக ஆக ஐடிலிங் தானே கூடும். இரண்டு சிலிண்டரும் ஒத்துழைக்க ஆரம்பித்துவிட்டதன் அடையாளம் அது. ஐடிலிங் திருகால் பழைய அளவுக்கு இறக்கிவிட்டு, மறுபடி பாருங்கள். 2 செ.மீ.க்குள் வந்துவிட்டால் போதும். கடைசி சில மி.மீ. எப்போதும் ஆடிக்கொண்டேதான் இருக்கும், அதைத் துரத்த வேண்டாம்.

அடுத்து ஆர்பிஎம்மை 3000 வரை மெதுவாக ஏற்றிப் பிடித்துப் பாருங்கள். அங்கேயும் ஏறக்குறைய சமமாக இருந்தால் வேலை முடிந்தது. ஐடிலிங்கில் சமம், மேலே பெரிய வித்தியாசம் என்றால் இணைப்புத் தகட்டில் தேய்மானம் இருக்கலாம், அல்லது ஒரு கார்பின் ரப்பர் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். திருகு எவ்வளவு திருப்பினாலும் ஐடிலிங்கிலேயே சமமாகவில்லை என்றால் கார்பை விட்டுவிட்டு டேப்பட்டையும் கம்ப்ரஷனையும் பாருங்கள்.

நான்கு கார்ப் உள்ள வண்டியில் மூன்று திருகு இருக்கும். முதலில் 1-ஐயும் 2-ஐயும் சமன் செய்யுங்கள், பிறகு 3-ஐயும் 4-ஐயும். கடைசியில் நடுத்திருகால் 2-ஐயும் 3-ஐயும். நடுத்திருகு ஒரு ஜோடியையே மொத்தமாக நகர்த்தும், அதனால் அதை முதலில் தொட்டால் வேலை இரட்டிப்பாகும். சில வண்டிகளில் ஒரு கார்புக்குத் திருகே இருக்காது. அதை அடிப்படையாக வைத்து மற்றவற்றைச் சமன் செய்ய வேண்டும். எது என்று மேனுவலில் இருக்கும். குழாய் மாட்டாத துளைகள் எல்லாம் மூடியே இருக்கட்டும்.

நம் ஊரில் பலர் பொக்கிஷமாக வைத்திருக்கும் ராஜ்தூத் 350-க்கும் இரண்டு கார்ப்தான். ஆனால் அது டூ ஸ்ட்ரோக், இந்த முறை அதற்கு ஒத்துவராது. அதில் இரண்டு கார்பின் ஸ்லைடும் (பட்டர்ஃப்ளைக்குப் பதிலாக மேலே எழுந்து காற்று வழியைத் திறப்பது) ஒரே நேரத்தில், ஒரே உயரத்துக்குத் தூக்குகின்றனவா என்று பார்த்து ஆக்ஸிலரேட்டர் கேபிளில் சரிசெய்ய வேண்டும்.

முடிந்ததும் குழாய்களைக் கழற்றி, வேக்யூம் துளைகளைப் பழையபடி மூடுங்கள். ரப்பர் மூடியை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் புதிதாகப் போடுங்கள், அதன் வழியே ஏர் பிடித்தால் செய்த வேலை வீண். பலகையை நிமிர்த்தி ஆணியில் மாட்டி, என்ஜின் பக்கத்து இரண்டு முனைகளையும் டி இணைப்பில் சேர்த்துவிடுங்கள். தூசி போகாது, எண்ணெயும் சிந்தாது. பிவிசி குழாய் எண்ணெய் பட்டு நாளடைவில் மஞ்சளாகி விறைத்துப்போகும், அப்போது குழாயை மட்டும் மாற்றினால் போதும்.